மை படாத புள்ளி

வீட்டுக் கதவைப் பூட்டினோமா இல்லையா என்று தவசிமுத்துவுக்கு நினைவில்லை. வேன் கிளம்பி இன்னும் பேருந்து நிலையத்தைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் மூன்று முறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டார். சாவி இருக்கிறது. சாவி பையில் இருந்தால் கதவு பூட்டியிருக்கிறது என்று அர்த்தமா என்ன, பூட்டாமலே சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வருகிற ஆள் உலகத்தில் இல்லையா, அந்த ஆள் ஏன் தானாகவே இருக்கக்கூடாது. பூட்டை இழுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. ஆனால் அது இன்றைக்கு இழுத்ததா, நேற்று இழுத்ததா? தினமும் ஒரே கை, ஒரே பூட்டு, ஒரே இழுப்பு. மனைவி செண்பகம் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு முந்தாநாளே போய்விட்டாள். அவள் இருந்தால் 'பூட்டிட்டீக, வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வந்திருக்கலாம். நாற்பத்தெட்டு வயதில் பூட்டுக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் ஊரில் எண்ணிக்கை என்றால் தவசிமுத்துதான். மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதுதான் உத்தியோகம் என்றாலும் பரீட்சைக் காலத்தில் விடைத்தாள் கட்டுகளை எண்ணுவது அவர்தான். 'தவசி எண்ணியாச்சா? அப்ப சீல் வைங்க' என்பார் தலைமையாசிரியர். தானும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பெயரை நம்பித்தான் புதுத்தெரு கிரிக்கெட் அணி பத்தொன்பது வருஷமாக ஸ்கோர் நோட்டை இவர் மடியில் கொடுத்து வைத்திருக்கிறது. இதோ இப்போதும் மடியில்தான் இருக்கிறது. நீல அட்டை போட்ட நீள நோட்டு. வேன் குலுங்கும்போதெல்லாம் நழுவப் பார்க்கிறது, இவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார், விட்டால் எழுந்து நின்று எதையாவது சொல்லிவிடும் என்று பயந்தவர் மாதிரி.

முன் இருக்கைகளில் சண்டை ஆரம்பித்துவிட்டது. கைகலப்பு இல்லை, ஒரு வருஷமாக நடக்கிற அதே வாய்ச்சண்டைதான்: பந்துவீச்சாளன் சங்கிலியை நம்பிக் கடைசி ஓவரைக் கொடுக்கலாமா, கூடாதா. இன்றைக்கு இறுதிப் போட்டி. போன வருஷம் தோற்ற அதே மைதானம், தோற்கடித்த அதே வைரவன்குளம் அணி. ஆகவே சத்தம் கொஞ்சம் கூடுதல். மாவுக்கடை ஆவுடையப்பன் சீட்டில் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி நீட்டிப் பேசினார். அவர் வாழ்க்கையில் ஒரு பந்து போட்டதில்லை, ஆனால் போடுகிறவனைப் பற்றிப் பேசச் சொன்னால் மாவு புளித்துப் பொங்கி வழிகிற வரைக்கும் பேசுவார். "பதினோரு ஓவர் வரைக்கும் அவன் ராசாதான்யா. நான் இல்லேங்கல. கடைசிப் பன்னெண்டாவது ஓவர் வந்தா கை நடுங்குதா இல்லையா? அதச் சொல்லு." எதிர்ப்பக்கம் கொண்டல்சாமி, பஸ் டெப்போ மெக்கானிக், சங்கிலிக்குத் தூரத்து உறவு. "ஒரு மேட்ச வச்சு ஒரு மனுசன எடை போடுவீகளா அண்ணாச்சி? அதுக்கு முன்னாடி எத்தனை ஜெயிச்சுக் குடுத்தான், அப்ப எல்லாம் தோள்ல தூக்கி வச்சு ஆடுனது யாரு? நீங்கதான முதல் ஆளு." வேனில் சிரிப்பு. கேப்டன் சிக்கந்தர் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக எல்லாரையும் பார்த்துக்கொண்டு வந்தான். சங்கிலி வேனில் இல்லை. போன வருஷத்துக்குப் பிறகு அவன் வேனில் ஏறுவதே இல்லை, தன் பைக்கில் தனியாக வந்துவிடுவான். "நேத்து எங்கிட்டச் சொல்லிட்டான்," என்றார் கொண்டல்சாமி குரலை இறக்கி, இறக்கினாலும் எல்லாருக்கும் கேட்கும்படியாக. "இன்னைக்குக் கடைசி ஓவர் குடுக்கலேன்னா இனிமே பந்தத் தொட மாட்டேன்னுட்டான். வீம்புக்குச் சொல்லல அண்ணாச்சி. அழுதுக்கிட்டே சொன்னான்." தவசிமுத்துவுக்குக் காது சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுதானாமே. இருபத்தேழு வயசுப் பையன், லேத்துப் பட்டறையில் இரும்பைக் கடைகிறவன், பந்துக்காக அழுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கத்தான் செய்கிறது. டீக்கடையில் கடைசி வடை மிச்சமிருந்தால் 'சங்கிலிக்கிட்டக் குடுக்காதப்பா, கைநழுவ விட்டுருவான்' என்கிறார்கள். தவசிமுத்துவும் அங்கே நின்று டீ குடித்திருக்கிறார், கிளாசுக்குள் பார்த்துக்கொண்டு. அப்போது சொல்லியிருக்கலாம். எதைச் சொல்ல? அதுதானே குழப்பம், சொல்வதற்கு உறுதியாக ஒன்று இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருக்க மாட்டாரா? (மாட்டார். அதுவும் அவருக்குத் தெரியும்.) போன வருஷத்துக் கடைசி ஓவர். வைரவன்குளத்துக்குப் பதினாலு ரன் வேண்டும். சங்கிலி முதல் பந்து போட்டான், ஒன்று. நோட்டில் ஒன்று என்று எழுதினார். அதற்கு அடுத்தது என்ன? இங்கேதான் நூல் சிக்குகிறது. நோட்டைக் கேட்டால் அடுத்தது நாலு என்கிறது. ஒன்று, நாலு, இரண்டு, ஒரு புள்ளி, இரண்டு, ஆறு. ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி வைப்பது வழக்கம். ஆறு குறி, ஆறு பந்து, பதினைந்து ரன், தோல்வி, கையெழுத்து. ஆனால் அந்த ஓவர் நடுவில் பேனா எழுதாமல் மக்கர் பண்ணியது அவருக்கு நினைவிருக்கிறது. உதறினார், நோட்டின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், கிறுக்கல் இன்னமும் இருக்கிறது. எப்போது உதறினார்? ஓவருக்கு முன்பா, முதல் பந்துக்கும் நாலுக்கும் இடையிலா? இடையில் என்றால் ஏன் உதறினார், எதையோ எழுதப் போய் விழாததால்தானே உதறினார், எதை எழுதப் போனார்? போன ஆடி மாதம் ஒரு மதியம், ஆய்வகத்து ஜன்னலோரம் நோட்டைப் பிரித்து வைத்துச் சீசன் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்த வெயிலில் அதைப் பார்த்தார். ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். மை இல்லை. பேனா முனை குத்திய தடம் மட்டும். விரலை வைத்துத் தடவினால் அம்மைத் தழும்பு அளவுக்குத் தட்டுப்பட்டது. கழுவிய குடுவைகளையே திரும்ப எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார் அன்று சாயந்தரம் வரைக்கும்.

பள்ளம் என்றால் ஒரு பந்து. ரன் இல்லாத பந்து. அப்படியானால் ஒன்று, பூஜ்யம், நாலு, இரண்டு, பூஜ்யம், இரண்டு. ஆறு பந்து அங்கேயே முடிந்தது. ஒன்பது ரன்தான். நாலு ரன் வித்தியாசத்தில் புதுத்தெரு ஜெயித்தாயிற்று. அதற்குப் பிறகு சங்கிலி போட்டது ஏழாவது பந்து, போட்டிருக்கவே வேண்டாத பந்து. அதில்தான் சிக்ஸ். ஆனால் பள்ளம் என்றால் பந்துதான் என்று யார் சொன்னது? அடியில் ஒரு மணல் பருக்கை இருந்திருக்கலாம். முந்தின பக்கத்தில் அழுத்தி எழுதியது இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்தில் அதே இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும், இருந்தது, ஒரு மூன்று இருந்தது, ஆனால் மூன்று எப்படிப் புள்ளியாக இறங்கும்? இப்படியே ஆறு மாதமாக மண்டைக்குள் இதே சுற்று, செக்கு மாடு தோற்றுவிடும். அம்பயருக்கும் கணக்குத் தப்பியிருந்தது, அது நிச்சயம். நாலாவது பந்தோ ஐந்தாவது பந்தோ ஒரு ரன் அவுட் தகராறு, கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது, அந்த வெளியூர் மனுஷர் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தள்ளுமுள்ளைத்தான் பார்த்தார். எல்லாம் அடங்கி இன்னொரு பந்து போட்ட பிறகு இந்தப் பக்கம் திரும்பி 'எத்தனை?' என்று கையால் கேட்டார். தவசிமுத்து நோட்டைப் பார்த்தார். ஐந்து குறி இருந்தது. ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று. எவ்வளவு சுலபமாகத் தூக்கினார் அந்த விரலை, கைக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. வெயில் நெற்றியில் அடித்தது, யாரோ ஐஸ் விற்றார்கள், பக்கத்தில் ஒருவன் விசில் ஊதிக்கொண்டே இருந்தான். அந்த விசில் மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. பந்துதான் ஞாபகமில்லை.

"ஸ்கோரண்ணே!" சிக்கந்தர் கூப்பிட்டது இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. "சங்கிலி கடைசி ஓவர் கணக்க மட்டும் சொல்லுங்க. வாய்ப்பேச்சு வேணாம், எழுதுனது என்னன்னு பாப்போம்." எல்லார் தலையும் நோட்டுப் பக்கம் திரும்பியது. எழுதினது என்று ஒன்று இருந்தால் ஜனங்களுக்கு அதன் மேல் எவ்வளவு மரியாதை. தவசிமுத்து நோட்டைத் திறந்தார், திறக்க வேண்டிய அவசியமே இல்லை, மனப்பாடம். "போன ஃபைனலுக்கு முன்னாடி பதினாலு தடவை கடைசி ஓவர். பன்னெண்டு ஜெயிச்சோம்." கொண்டல்சாமி தொடையில் தட்டினார். "ஃபைனலுக்கு அப்புறம்?" என்றான் சிக்கந்தர். "எட்டு. நாலு தோத்தோம்." "கேட்டீகளா!" என்று ஆவுடையப்பன் துள்ளினார். "நான் சொன்னா மாவாட்டுறவன் பேச்சும்பீக. இப்ப அண்ணன் நோட்டே சொல்லுது. அண்ணன் கணக்கு தப்பாதுய்யா. அவன் ஒடஞ்சு போன ஆளு." தவசிமுத்து மூடிய நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். எட்டில் நாலு தோல்வி என்பது பொய்யில்லை. அந்த எட்டுக்கு முந்தினதுதான்... அந்த ஒன்றுதான்... அது பொய்யாக இருந்தால் மற்ற எட்டும் என்ன கணக்கில் சேரும்? உடைத்த பிறகு ஒழுகுகிறது என்று சொல்வது குடத்தின் கணக்கா, உடைத்தவன் கணக்கா? காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி நெஞ்சுக்குழியிலேயே நின்றது. இரண்டா, மூன்றா?

"இன்னொண்ணு கேளுங்கய்யா," என்று ஆவுடையப்பன் விடவில்லை. "போன வருசம் நான் எல்லைக்கோட்டு ஓரத்துல நின்னு என் ரெண்டு கண்ணால பாத்தேன். கடைசிப் பந்துக்கு முன்னாடி அவன் என்ன செஞ்சான்? அம்பயர்கிட்டப் போய்த் தொப்பிய வாங்கி மாட்டிக்கிட்டான்யா! ஓவர் முடிஞ்சாத்தான வாங்குவான் எவனும். ஒரு பந்து பாக்கி இருக்கையிலயே தப்பிச்சு ஓடப் பாத்தான். அம்பயர் கூப்பிட்டுத் திரும்பப் போடச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இப்ப பாரு, பந்துக்குப் பந்து அம்பயர்கிட்டப் போய் எத்தனை எத்தனைன்னு கேக்குறான். இவ்வளவு பயந்த பய கையிலயா கோப்பையக் குடுக்குறது?" இந்தத் தொப்பிக் கதையை ஆவுடையப்பன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் தவசிமுத்து மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டிக் கேட்டார். ஆடி மாதத்துக்குப் பிறகு அவரால் கேட்க முடியவில்லை. தொப்பியை அவரும் பார்த்தார். சங்கிலி சாவகாசமாக நடந்து போனான், கையை நீட்டினான், ஓவர் தொடங்கும்போது அவனிடம் வாங்கித் தன் இடுப்பில் செருகியிருந்த தொப்பியை அம்பயர் கொடுத்தார், இவன் மாட்டிக்கொண்டான். ஓடுகிறவன் நடை இல்லை அது, வேலையை முடித்தவன் நடை. பிறகு அம்பயர் ஏதோ சந்தேகப்பட்டு இந்தப் பக்கம் பார்த்தார், விரல் எழுந்தது, சங்கிலியும் திரும்பி இந்த விரலைப் பார்த்தான். பார்த்தானா? பார்த்தான் என்றுதான் தோன்றுகிறது. ஒரு வாய் எச்சில் விழுங்குகிற நேரம் அவன் அப்படியே நின்றான், பிறகு தொப்பியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு முடிந்துவிட்டது என்று தெரிந்திருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை? முடிந்தது என்று கத்தியிருக்க வேண்டாமா? எவனாக இருந்தாலும் கத்தியிருப்பான். கத்தவில்லை என்றால் அவனுக்கும் ஆறாகவில்லை என்றுதானே அர்த்தம். அப்படியானால் பள்ளம் வெறும் பள்ளம்தான். அப்படியானால் தொப்பி? தொப்பியை வைத்துப் பார்த்தால் ஏழு, மௌனத்தை வைத்துப் பார்த்தால் ஆறு. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் தலைவலிதான் மிச்சம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்ததும் திடீரென்று எல்லாரும் ஊமையானது மாதிரி ஓர் அமைதி. ஒரு பெண் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக வந்தாள். இதுதான் நேரம், என்றது மனசு. இரண்டு வாக்கியம் போதும். 'ஐயா, போன வருசம் நான் ஒரு பந்தை எழுதாம விட்டுட்டேன்னு நினைக்கிறேன். சங்கிலி மேல தப்பில்ல.' நினைக்கிறேன் என்பதை எடுத்துவிட வேண்டும், அது இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் அது பொய்யாகிவிடலாம். பத்தொன்பது வருஷத்தில் அவர் பொய் எழுதியதில்லை. எழுதியதில்லையா? சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கோப்பையை ஒரு விரலால் தூக்கிக் கொடுத்தவன் என்பார்கள். டீக்கடையில் சங்கிலிக்குப் பதில் தவசி என்று மாறும். பள்ளிக்கூடத்துக்கும் போகும், போகாமல் இருக்குமா, தலைமையாசிரியர் சீல் வைப்பதற்கு முன்னால் 'இன்னொரு தடவை எண்ணிரலாமே' என்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார், அந்தச் சிரிப்பு போதாதா. வேறு என்ன இருக்கிறது அவரிடம்? பிள்ளை இல்லை, பேச்சுத்திறமை இல்லை, ஆள் பார்க்கவும் ஒன்றும் பிரமாதமில்லை. தவசி எண்ணினால் சரியாக இருக்கும் என்கிற ஒற்றைச் சொல்லில்தான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்திருக்கிறார். அதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு எப்படித் தெருவில் இறங்குவது. சரக்கு ரயில் வந்தது. பழக்கம் விடவில்லை, பெட்டிகளை எண்ணினார். இருபத்தாறு வரைக்கும் சரியாகத்தான் வந்தது, அப்போது வெள்ளரிக்காரி குறுக்கே வந்து 'பிஞ்சு வேணுமாய்யா' என்றாள், அவள் நகர்ந்தபோது எத்தனை பெட்டி போயிற்று என்று தெரியவில்லை. ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. மற்றவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள், இவர் வாய்க்குள் இருந்த இரண்டு வாக்கியமும் அங்கேயே கிடந்தன.

மைதானத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும். சிக்கந்தர் முதல் தடவையாகப் பின்பக்கம் திரும்பினான். நல்ல பையன், யாரையும் புண்படுத்தப் பிடிக்காதவன், ஆகவே முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தான். "முடிவு பண்ணிட்டேன். கடைசி ஓவர் பிரவீன் போடட்டும். சங்கிலிக்கு நடுவுல ரெண்டு ஓவர். யாரும் அவன்ட்ட எதுவும் பேச வேணாம், நானே சொல்லிக்கிறேன்." கொண்டல்சாமி வெளியே பார்த்தார். ஆவுடையப்பன்கூட ஜெயித்த மாதிரி இல்லை, இருமிக்கொண்டார். தவசிமுத்து நோட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரோ பேசுகிற சத்தம் கேட்டது, கேட்ட பிறகுதான் பேசுவது தானே என்று தெரிந்தது. "சிக்கந்தரு, போன வருசம் அந்த ஓவர்ல ஏழு பந்து. நான் ஒண்ண எழுதாம விட்டுட்டேன். பேனா எழுதல. ஆறு பந்துலயே நாம ஜெயிச்சுட்டோம். தப்பு என்னுது." எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை நீட்டினார், "இங்க, தடவிப் பாரு, பள்ளம் இருக்கு," என்றார். வாங்கிப் பார்க்கக்கூட யாரும் கை நீட்டவில்லை. முதலில் சிரித்தது கொண்டல்சாமிதான், சிரிப்பில் ஈரம் இருந்தது. "ஸ்கோரண்ணே, எங்காளுக்காக நீங்க இம்புட்டுத் தூரம் இறங்கி வாறீகளே, அது போதும்ணே. ஆனா பொய் உங்களுக்கு வரலண்ணே." ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "மனுசன்னா இவருதாம்யா. ஒரு பயல காப்பாத்த தன் பேரையே அடகு வைக்காரு பாரு. அண்ணே, உங்க கணக்கு தப்பும்னா அப்புறம் நாங்க எதத்தான் நம்புறது? உக்காருங்க." சிக்கந்தர்கூடப் புன்னகைத்தான். "உக்காருங்கண்ணே, வேன் ஆடுது." அவர் உட்கார்ந்தார். தைரியமாகச் சொல்லியாயிற்றா, இல்லையா? சொன்னதாகத்தான் ஞாபகம். ஆனால் சொல்லாதபோது இருந்ததைவிட இப்போது பெயர் கூடிவிட்டது, இது என்ன கூத்து என்றே அவருக்கு விளங்கவில்லை. அவமானமாக இருந்தது. கூடவே, வெட்கக்கேடு, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

மைதானத்து வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான் சங்கிலி. வேன் நின்றதும் எழுந்திருக்கவில்லை. சிக்கந்தர் நேராக அவனிடம் போனான், விஷயத்தைச் சொல்லத்தான் போனான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியாமல், எதையாவது பேசிச் சிரிக்க வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருக்க வேண்டும். "ஸ்கோரண்ணன் என்ன சொல்றாரு தெரியுமாடா? போன வருசம் நீ ஏழு பந்து போட்டியாம். அவரு ஒண்ண எழுதாம விட்டுட்டாராம்." பின்னால் வந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். சங்கிலி சிரிக்கவில்லை. சிக்கந்தரைத் தாண்டி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற தவசிமுத்துவைப் பார்த்தான். "ஏழாண்ணே?" என்றான். மறுபடியும் கேட்டான். தவசிமுத்து ஆமாம் என்று தலையை ஆட்டினார். "எனக்கு ஆறு முடிஞ்சிருச்சுண்ணே. அதான் தொப்பிய வாங்கப் போனேன். நீங்க ஒரு விரலக் காட்டுனீக. நீங்க காட்டுனா தப்பா இருக்காதுல்ல. சரி, நமக்குத்தான் எண்ணத் தெரியலன்னு ஓடி வந்து போட்டேன்." யாரும் இப்போது சிரிக்கவில்லை. "அன்னையிலருந்து எத்தனை போட்டேன்னே தெரிய மாட்டேங்குதுண்ணே," என்றான் சங்கிலி. "ரெண்டு போட்டா மூணோன்னு இருக்கு. பந்த நினைக்கவா எண்ணிக்கைய நினைக்கவான்னு தெரியல. அதான் அம்பயரக் கேட்டுக் கேட்டுப் போடுறேன்."

ஆறு மாதமாகத் தவசிமுத்து தேடிக்கொண்டிருந்த சாட்சி இவன்தான். இவன் ஆம், ஏழுதான், என்று அடித்துச் சொல்லியிருந்தால் அந்தப் பள்ளத்தை மறந்து அவர் தூங்கியிருப்பார். இவனோ அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பைக்கிலிருந்து இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றான். "அப்ப நான் எண்ணுனது சரிதானாண்ணே?" மணல் பருக்கையாக இருக்கலாம். முந்தின பக்கத்து மூன்றாக இருக்கலாம். இவன் தொப்பி வாங்கப் போனதே இவன் தப்பாக எண்ணியதால் இருக்கலாம். இவன் சொல்வதை நம்பி இவர் சொல்ல வேண்டும், இவர் சொல்வதை நம்பி இவன் நிற்க வேண்டும், இரண்டுக்கும் அடியில் ஒன்றுமே இல்லை. பள்ளத்தைத் தடவிப் பார்க்கலாம் என்று விரல் போயிற்று, ஆனால் அவர் நோட்டைத் திறக்கவில்லை. "சரிதான்டா," என்றார். "நல்லாத் தெரியுமாண்ணே?" எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது. அவருக்குத் தெரியாது, இனி எப்போதும் தெரியப்போவதுமில்லை. "தெரியும். நீ எண்ணுனதுதான் சரி. நான்தான் தப்பு," என்றார் தவசிமுத்து, ஊரே கேட்கும்படியாக. உறுதியில்லை என்று தெரிந்தே அவர் சொன்ன முதல் கணக்கு அதுதான். சங்கிலி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிக்கந்தர் பக்கம் திரும்பி, பந்துக்காகக் கையை நீட்டினான்.